வீரன் இல்லாத நடுகல்

பெல்ஜிய நாட்டின் மேற்குப் பகுதியில், வடகடலுக்கு அணித்தாக, விளாட்ஸ்லோ என்னும் சிற்றூர் உள்ளது. அதனருகே மரங்கள் சூழ்ந்த ஓர் இடுகாட்டில், முதல் உலகப் போரில் மாண்ட ஜெர்மானியப் படைவீரர் 25,000க்கும் மேற்பட்டோர் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். அவ்விடுகாட்டின் கடைக்கோடியில் கருங்கல்லால் ஆன இரண்டு உருவங்கள் மண்டியிட்டிருக்கின்றன. ஒன்று தந்தை, மற்றொன்று தாய். போர் நினைவுச் சின்னம் என்றால் நம் மனக்கண்ணில் தோன்றும் வாளேந்திய வீரனும் இல்லை; வெற்றி மாலையும் இல்லை; கொடியும் இல்லை. மைந்தனை இழந்த இருவர் மட்டுமே உள்ளனர். இவ்வுருவங்களைப் படைத்தவர் கேத்தே கோல்விட்ஸ் என்னும் ஜெர்மானிய ஓவியப் பெண்மணி. எண்ணம் தோன்றிய நாளிலிருந்து கல் நாட்டிய நாள் வரை ஏறத்தாழ 18 ஆண்டுகள் ஆயின. எவன் பொருட்டு அவற்றைச் செய்தாரோ அம்மைந்தன் இவ்வுலகில் வாழ்ந்ததும் 18 ஆண்டுகளே. கைத்திறன் மிக்க ஒரு கலைஞருக்கு இரண்டு உருவங்களை முடிக்க அத்தனை காலம் ஏன் வேண்டியிருந்தது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

கேத்தே 1867ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 8ஆம் நாள், அக்காலத்தில் கிழக்குப் பிரஷ்யாவின் தலைநகராக விளங்கிய கோனிக்ஸ்பெர்க் நகரில் பிறந்தார். அந்நகர் இரண்டாம் உலகப் போருக்குப் பின் கலினின்கிராட் எனப் பெயர் மாறி இன்று ரஷ்ய நாட்டில் அடங்கியுள்ளது. தாய்வழிப் பாட்டனார் ஜூலியஸ் ரூப் ஒரு சமய போதகர். தம் மனச்சான்றுக்கு மாறாக நடக்க மறுத்தமையால் அரசின் ஆதரவு பெற்ற திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டு, தனியே ஒரு சமயக் குழுவை அமைத்துக் கொண்டவர். தந்தையார் கார்ல் ஷ்மிட் சட்டம் பயின்றவர். தம் அரசியல் கொள்கை காரணமாக அரசுப் பணியை நாடாமல், கொத்தனார் தொழிலைக் கற்றுக் கட்டடங்கள் கட்டி வாழ்ந்தார். கொண்ட கொள்கைக்காகப் பதவியையும் வருவாயையும் துறக்கும் குடும்பத்தில் பிறந்த பெண் என்பதை நாம் நினைவிற் கொள்ள வேண்டும். பின்னாளில் அவர் எடுத்த முடிவுகளுள் மிகக் கொடியதாக அமைந்த ஒன்று, கொள்கைக்காக உயிரையும் தரலாம் என்னும் இதே பண்பிலிருந்து முளைத்ததேயாகும்.

இளமையில் மற்றொரு பாடமும் அவருக்குக் கிடைத்தது. அவருடைய தம்பி பெஞ்சமின் ஒரு வயதுக் குழந்தையாக இருந்தபோது மூளைக்காய்ச்சலால் இறந்தான். அதற்கு முன்னரே தாயார் தம் முதற் குழந்தைகளைப் பறிகொடுத்தவர். அவர் கதறி அழுததைப் பிள்ளைகள் கண்டதில்லை. உள்ளே எரியும் துயரை வெளியே காட்டாமல் வீட்டுக் கடமைகளை அமைதியாகச் செய்த அந்தத் தாயின் முகம் சிறுமி கேத்தேயின் நெஞ்சில் ஆழப் பதிந்தது. வாய்விட்டு அழாத துயரத்தை அவர் பின்னாளில் பலகாலும் வரைந்தார்.

மகளின் திறமையை முதலில் கண்டுணர்ந்தவர் தந்தையே. பதினான்கு வயதளவில் ருடால்ஃப் மாவர் என்னும் செப்புத்தகட்டுச் செதுக்கரிடம் பயிலச் செய்தார். ஜெர்மானியக் கலைக்கழகங்கள் பெண்களைச் சேர்த்துக்கொள்ளாத காலம் அது. ஆகவே பெர்லினிலும் பின்னர் மியூனிக்கிலும் பெண்களுக்கெனத் தனியே நடத்தப்பெற்ற கலைப் பள்ளிகளில் அவர் பயின்றார். 1891ஆம் ஆண்டு கார்ல் கோல்விட்ஸ் என்னும் மருத்துவரை மணந்து, பெர்லின் நகரின் வடபகுதியில் தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த வைசன்பர்கர் தெருவில் குடியேறினார். கணவர் ஏழைத் தொழிலாளர்க்கு மருத்துவம் செய்தார். கூலி இழந்தோர், கணவனால் அடிக்கப்பட்டோர், மெலிந்த குழந்தையைத் தோளில் சுமந்து வந்தோர் எனப் பலரும் அவ்வீட்டுப் படியேறினர். மருந்து வாங்க வந்த பெண்கள் மருத்துவரின் மனைவியிடம் தம் துன்பத்தைச் சொல்லி அமர்ந்திருப்பதும் உண்டு. அரைநூற்றாண்டுக்கு மேல் அவர் அதே வீட்டில் வாழ்ந்தார். அவர் வரைந்த மாந்தர் பெரும்பாலும் அந்தப் படிக்கட்டில் ஏறி வந்தவர்களே.

1893ஆம் ஆண்டு கெர்ஹார்ட் ஹாப்ட்மன் எழுதிய நெசவாளர் பற்றிய நாடகத்தைக் கேத்தே கண்டார். 1844இல் சைலீசியா மாநிலக் கைத்தறி நெசவாளர் வறுமை தாளாது கிளர்ந்தெழுந்த வரலாறு அது. அதனால் உந்தப்பெற்று அவர் கல்லச்சாகவும் செப்புத்தகட்டு அச்சாகவும் ஆறு படங்கள் கொண்ட வரிசை ஒன்றைப் படைத்தார். 1898இல் பெர்லின் பெருங்கண்காட்சியில் அவை வைக்கப்பட்டபோது, முதுபெரும் ஓவியர் அடோல்ஃப் மென்சல் இடம்பெற்ற நடுவர் குழு அவருக்குப் பொற்பதக்கம் வழங்கப் பரிந்துரைத்தது. பேரரசர் இரண்டாம் வில்லியம் அதனை ஏற்க மறுத்துவிட்டார். பதக்கம் கிட்டவில்லை, புகழ் கிட்டியது.

அம்மையாருக்கு ஆண்மக்கள் இருவர். மூத்தவர் ஹான்ஸ் 1892இலும் இளையவன் பீட்டர் 1896இலும் பிறந்தனர். 1903ஆம் ஆண்டு, இறந்த குழந்தையை மடியில் அணைத்திருக்கும் ஒரு தாயின் படத்தை அவர் செப்புத்தகட்டில் படைத்தார். தாயா, விலங்கா என்று ஐயுறும் வண்ணம், அப்பெண் தன் குழந்தையின் மார்பில் முகம் புதைத்திருப்பாள். அப்படத்துக்கு மாதிரியாக யாரையும் அவர் அமர்த்தவில்லை. கண்ணாடியின் முன் தாமே அமர்ந்து, ஏழு வயதுச் சிறுவன் பீட்டரைத் தம் கைகளில் ஏந்திக்கொண்டு வரைந்தார். நெடுநேரம் ஏந்தியிருந்த களைப்பினால் அவர் முனகியபோது, படம் மிக அழகாக வரும் என்று சொல்லிச் சிறுவன் தாயைத் தேற்றினானாம். பதினொன்று ஆண்டுகளுக்குப் பின் நடக்கவிருந்ததை அறிந்தோர் இப்படத்தை எளிதாகக் கடந்து செல்ல இயலாது. மறு ஆண்டு அவர் பாரிஸ் சென்று சிற்பம் பயின்றார். ரோடின் என்னும் பெருஞ்சிற்பியின் பணிக்கூடத்தையும் கண்டு வந்தார். கோட்டோவியத்தில் தேர்ந்த கை களிமண்ணில் பழகத் தொடங்கியது.

1914ஆம் ஆண்டு ஆகஸ்ட் திங்களில் போர் மூண்டது. அப்போது பீட்டர் தன் தோழர்களுடன் நார்வே நாட்டில் சுற்றுலாவில் இருந்தான். செய்தி அறிந்ததும் இளைஞர் அனைவரும் படையில் சேரும் துடிப்போடு திரும்பினர். நாடு முழுவதும் அன்று அந்த வேட்கையே நிறைந்திருந்தது. ஆசிரியரும் போதகரும் கவிஞரும் போரை வாழ்த்தினர். பீட்டருக்கு வயது 18. இருபத்தொரு வயது நிரம்பாதோர் தாமாகப் படையில் சேர விரும்பினால் தந்தையின் இசைவு வேண்டும். தந்தை கார்ல் இசையவில்லை. அவன் வயதினரை அரசே இன்னும் அழைக்கவில்லை. அழைக்கும் நாளில் போகட்டும் என்பது அவர் கருத்து. ஆகஸ்ட் 10ஆம் நாள் மாலை மகன் மீண்டும் கேட்டான். தந்தை மீண்டும் மறுத்தார். மகன் தாயின் முகத்தைப் பார்த்தான். தாய் எழுந்தார், கணவரிடம் மகனுக்காகப் பேசினார். தந்தை இசைந்தார்.

இந்தச் செய்தி வேறு எவரும் கண்டு சொன்னதன்று. அம்மையார் தம் நாட்குறிப்பில் தாமே எழுதி வைத்தது. அவர் போர் வெறி கொண்டவர் அல்லர். ஏழைகளின் பக்கம் நின்றவர். பேரரசரின் பகையைச் சம்பாதித்தவர். ஆயினும், உயர்ந்த ஒன்றுக்காகத் தன்னைத் தரத் துடிக்கும் இளைஞனைத் தடுப்பது அவன் ஆன்மாவைத் தடுப்பதாகும் என்று அன்று அவர் கருதினார். பாட்டனாரிடமிருந்து வந்த பண்பு அது என மேலே குறித்தோம். நம் புறப்பாடல்களில் மூதின்முல்லை என்னும் துறையில் வரும் மறக்குடித் தாயர் மைந்தரைப் போருக்கு அனுப்பிப் பெருமிதம் கொள்வர். அனுப்பிய பின் அத்தாயின் இரவுகள் எவ்வாறு கழிந்தன என்பதை அத்துறை பேசுவதில்லை. கேத்தேயின் வாழ்வில் அந்த இரவுகள் முப்பது ஆண்டுகள் நீண்டன.

அக்டோபர் நடுவில் பீட்டரின் படைப்பிரிவு பெல்ஜியம் புறப்பட்டது. ஐசர் ஆற்றங்கரையில், டிக்ஸ்மைட் நகருக்கு அருகே, 22ஆம் நாள் இரவு அவன் சுடப்பட்டு வீழ்ந்தான். போர்முனையை அடைந்து சில நாள்களே ஆகியிருந்தன. போதிய பயிற்சியின்றி விரைந்து அனுப்பப்பட்ட இளைஞர் அந்த அக்டோபர் திங்களில் ஆயிரமாயிரமாய் மாண்டனர். அதே திங்களில், அதே ஃபிளாண்டர்ஸ் மண்ணில், எதிர்த்தரப்பில் இந்தியப் படையினரும் இருந்தனர் என்பதை நம் மாணவர் அறிதல் நலம். பீட்டர் வீழ்ந்து ஒன்பது நாள்களே கழிந்த நிலையில், ஈப்ர் நகருக்குத் தெற்கே ஹோலபெக் என்னுமிடத்தில், இன்றைய பாகிஸ்தானின் சக்வால் பகுதியைச் சேர்ந்த சிப்பாய் குதாதாத் கான், உடனிருந்தோர் அனைவரும் மாண்ட பின்னும் தனியொருவராய் எந்திரத் துப்பாக்கியை இயக்கி, விக்டோரியா சிலுவை விருது பெற்ற முதல் இந்தியப் படைவீரர் ஆனார். அவர் பிழைத்தார். அவருடன் நின்றோரின் தாயர் எந்தெந்தச் சிற்றூர்களில் செய்தி பெற்றனரோ, அவர்களுக்குக் கல் வடித்தவர் எவரும் இலர்.

பெர்லின் வீட்டுக்கு இறப்புச் செய்தி அக்டோபர் 30ஆம் நாள் வந்தது. பெற்றோர் பீட்டரின் அறையை அவன் விட்டுச் சென்றவாறே வைத்திருந்தனர். அங்கு மலர்கள் வைப்பதை வழக்கமாகக் கொண்டனர். டிசம்பர் முதல் நாளே தாயின் உள்ளத்தில் நினைவுச் சின்னம் பற்றிய எண்ணம் உருக்கொண்டுவிட்டது. மைந்தன் நீண்டு படுத்திருப்பான். தலைமாட்டில் தந்தை, கால்மாட்டில் தாய். பெர்லினை அடுத்து ஹாவல் ஆற்றை நோக்கிய ஷில்ட்ஹார்ன் மேட்டில் அதனை நாட்ட வேண்டும். தாமாக முன்வந்து உயிர் நீத்த இளைஞர் அனைவரின் தியாகத்தையும் அது போற்ற வேண்டும். இதுவே முதல் திட்டம்.

இத்திட்டத்தை நன்கு நோக்குக. போரில் பட்டவனுக்குக் கல் எடுத்து, அவன் உருவும் பெயரும் பீடும் பொறித்து வழிபடும் நடுகல் மரபினை நாம் தொல்காப்பியத்திலும் சங்கப் பாடல்களிலும் பயில்கிறோம். கேத்தே முதலில் எண்ணியதும் அத்தகைய நடுகல்லே. நடுவில் வீரன், அவன் பெருமை. பெற்றோர் வெறும் துணைப் பாத்திரங்கள். அத்தியாகம் பொருளுடையது என்று நம்பும் வரையில்தான் அத்தகைய கல்லை வடிக்க இயலும். அந்த நம்பிக்கை அவரிடம் ஆண்டுதோறும் தேய்ந்தது. பீட்டரின் தோழர்களும் ஒருவர்பின் ஒருவராக மாண்டனர். எதிர்ப்பக்கத்து இளைஞரும் இதே நம்பிக்கையோடுதான் வந்தனர் என்ற உண்மை அவரை உறுத்தியது. இளைஞர் ஏமாற்றப்பட்டனரா என்ற வினாவை அவர் நாட்குறிப்பில் மீண்டும் மீண்டும் எழுப்பினார். ஆம் என்று விடை சொன்னால் மகனின் இறப்பு வீண் என்றாகிவிடும். மகனுக்காகப் பேசிய தம் நாவும் அதில் பங்கு கொண்டதாகிவிடும். இல்லை என்று சொல்லவோ மனம் ஒப்பவில்லை. களிமண் உருவங்கள் இந்தப் போராட்டத்தில் சிக்கிப் பன்முறை மாறின. ஒரு தாய் தன் மகனுக்குக் காட்டும் பற்றுறுதி என்பது அவன் நம்பியதைத் தானும் நம்புவதா என்னும் கேள்வி எளிதன்று. அதற்கு விடை காணாமல் உளி அசையாது.

1918 அக்டோபரில் அவ்வினாவுக்கு அவர் ஊரறிய விடை தந்தார். ஜெர்மனியின் தோல்வி உறுதியாகிவிட்ட நேரம். ரிச்சர்ட் டேமெல் என்னும் புகழ்பெற்ற கவிஞர், எஞ்சிய ஆடவர் தாமே முன்வந்து இறுதிப் போருக்கு எழ வேண்டும் என்று அறைகூவல் விடுத்தார். டேமெல் வாய்ச்சொல் வீரர் அல்லர்; ஐம்பது வயதில் தாமே படையில் சேர்ந்தவர். அவருக்கு மறுப்பாகக் கேத்தே ஒரு திறந்த மடல் எழுதினார். அது செய்தித்தாளில் வெளிவந்தது. போதுமான அளவு மாண்டாயிற்று, இனி ஒருவரும் வீழலாகாது என்பது அம்மடலின் சாரம். விதைக்கென வைத்த தானியத்தை அரைத்துவிடலாகாது என்னும் கருத்துடைய கோதேயின் வரியொன்றை அதில் அவர் துணைக்கு அழைத்தார். விதைநெல்லின் அருமை உழவர் குடியில் பிறந்தோர்க்கு விளக்க வேண்டுவதில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன் மகனுக்காகப் பேசிய அதே தாய், இப்போது பிறர் மக்களுக்காகப் பேசினார்.

அந்த மடலுக்குப் பின் பழைய நடுகல் திட்டம் நிலைக்க இயலாது. 1919இல் அவர் சிற்பப் பணியைக் கைவிட்டார்; என்றேனும் ஒருநாள் திரும்புவேன் என மகனுக்கு உறுதி கூறிக்கொண்டே கைவிட்டார். அதே ஆண்டில் பிரஷ்யக் கலைக்கழகம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்துப் பேராசிரியர் பட்டமும் வழங்கியது. அக்கழகத்தில் அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்ட முதற் பெண்மணி அவரே. பேரரசர் பதக்கத்தை மறுத்து அப்போது 21 ஆண்டுகள் ஆகியிருந்தன. பேரரசரோ நாட்டை விட்டே போய்விட்டார்.

சிற்பம் நின்றதே தவிரக் கை ஓயவில்லை. எர்ன்ஸ்ட் பார்லாஹ் என்னும் கலைஞரின் மரச்செதுக்கு அச்சுகளைக் கண்டு, தம் துயரைச் சொல்ல ஏற்ற வழி அதுவே எனத் தேர்ந்தார். போர் என்னும் தலைப்பில் ஏழு மரச்செதுக்குப் படங்களை 1922ஆம் ஆண்டளவில் முடித்தார். போர்க்களமோ பீரங்கியோ அவற்றில் இல்லை. முதற் படத்தில் ஒரு தாய் தன் பச்சிளங் குழந்தையைப் பலிப்பொருளாகக் கைகளில் ஏந்தி நிற்கிறாள். அடுத்ததில் மரணம் முரசறைந்து முன்செல்ல, இளைஞர் மயங்கிய முகத்தோடு பின்தொடர்கின்றனர். மூன்றாவதில் பெற்றோர் இருவரும் மண்டியிட்டு ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து ஒரே கரிய திரளாகிவிடுகின்றனர். 1924இல் இனிப் போர் வேண்டா என முழங்கும் சுவரொட்டியையும் அவர் வரைந்தார். கையுயர்த்தி நிற்கும் அவ்விளைஞனின் படத்தை அம்மையாரின் பெயர் அறியாதோரும் எங்கேனும் கண்டிருப்பர்.

பின்னர் அவர் மீண்டும் களிமண்ணுக்குத் திரும்பினார். இம்முறை மைந்தனின் உருவம் இல்லை. அவனைப் படுக்கவைத்துப் பார்த்தார், எடுத்துவிட்டார். எஞ்சியோர் தந்தையும் தாயுமே. ஷில்ட்ஹார்ன் மேடும் வேண்டா. மகன் கிடக்கும் இடத்திலேயே கல் இருக்கட்டும் என்று முடிவு செய்தார். 1926ஆம் ஆண்டு ஜூன் திங்களில் கணவரும் அவரும் முதன்முறையாக அவ்விடத்தைக் காணச் சென்றனர். டிக்ஸ்மைட் நகருக்கு அருகில் ரோக்கவெல்டெ என்னும் இடத்தில் அப்போது அவ்விடுகாடு இருந்தது. முள்வேலியிட்டிருந்த வாயிலைத் திறக்கத் தெரியாமல் நின்றவர்களுக்கு, அவ்வூர் இளைஞர் ஒருவர் கம்பியை வளைத்து வழி செய்து கொடுத்துவிட்டு அகன்றார். அவர் நாட்டை மிதித்துப் பாழாக்கிய படையில் வந்து மாண்டவனின் பெற்றோர் இவர்கள். சிறு செயல்தான், ஆயினும் அம்மையார் அதை மறவாமல் தம் மூத்த மகனுக்கு எழுதினார். உள்ளே நெருக்கமாக நட்ட தாழ்ந்த குறிகளுக்கிடையே பீட்டரின் பெயரைக் கண்டனர். அருகே பூத்திருந்த காட்டு ரோசாப் புதரிலிருந்து மூன்று சிறு மலர்களைப் பறித்து அங்கு வைத்தனர். உருவங்களை எங்கு நிறுத்துவது என்பதையும் அன்றே அம்மையார் பார்த்து வைத்தார். கல்லறைகளுக்கு நடுவில் வேண்டா. வாயிலருகே, அத்தனை கல்லறைகளையும் நோக்கியவாறு நிறுத்த வேண்டும். அவ்வாறு நிறுத்தினால் அவர்கள் பீட்டருக்கு மட்டும் பெற்றோர் ஆகமாட்டார்கள்.

1931இல் சுண்ணச்சாந்து உருவங்கள் முற்றுப்பெற்றன. அம்மையாருக்கு வயது 63. அவற்றைப் பெல்ஜியக் கருங்கல்லில் பெயர்க்கும் பணியை ஆகஸ்ட் ராடெஸ், ஃபிரிட்ஸ் டீடெரிஷ் ஆகிய சிற்பிகள் செய்தனர். 1932இல் பெர்லின் தேசியக் கலைக்கூடத்தில் மக்கள் பார்வைக்கு அவை வைக்கப்பட்டன.

தந்தை நிமிர்ந்த உடலோடு மண்டியிட்டிருக்கிறார். இரு கைகளையும் மார்பின் குறுக்கே கட்டித் தம்மைத் தாமே இறுகப் பற்றிக்கொண்டிருக்கிறார். பற்றாவிடின் உடைந்துவிடுவார் போலும். உதடுகள் இறுக மூடியுள்ளன. தாய் முன்னோக்கிக் குனிந்திருக்கிறார். போர்வைக்குள் உடல் சுருண்டிருக்க, ஒரு கை முகத்தோடு ஒட்டியிருக்கிறது. தந்தையின் முகம் கார்லின் சாயல். தாயின் முகம் கேத்தேயின் முகமே. மரச்செதுக்குப் படத்தில் ஒன்றாய்க் கலந்திருந்த இருவரும் கல்லில் தனித்தனிப் பீடங்களில் பிரிந்து மண்டியிடுகின்றனர். ஒருவர் கை மற்றவரைத் தொடவில்லை. ஒரே துயரம்தான், ஆயினும் இசைவு தர மறுத்தவரின் துயரமும், இசைவு பெற்றுத் தந்தவரின் துயரமும் ஒன்றாகுமா? அந்த இடைவெளியை நான் அவ்வாறே பொருள் கொள்கிறேன். வேறு பொருள் கொள்வாரும் உளர்.

இவர்கள் ஏன் மண்டியிட்டிருக்கின்றனர்? வழிபாட்டுக்கு எனில் வானை நோக்கியிருக்க வேண்டும். இவர்களோ மண்ணை நோக்கியிருக்கின்றனர். அம்மண்ணில் கிடப்போர் பதினெட்டும் இருபதும் வயதானோர். முதியோர் இளையோர் முன் மண்டியிடுதல் எந்நாட்டு மரபிலும் இல்லை. பிழை பொறுக்குமாறு வேண்டுவோர்க்கே அது பொருந்தும். போருக்கு அனுப்பிய தலைமுறை, அனுப்பப்பட்ட தலைமுறையின் முன் முழந்தாளிட்டு நிற்கும் காட்சி இது. இதைக் காண்பதற்குத்தான் அவருக்கு அத்தனை ஆண்டுகள் வேண்டியிருந்தன. மைந்தனின் வீரத்தைச் செதுக்குவது அவருக்கு ஓராண்டு வேலை. தம் பங்கினைச் செதுக்குவதே நெடும்பணி. போருக்குப் பின் ஜெர்மன் நகரங்கள்தோறும் எழுந்த நினைவுச் சின்னங்களில் இரும்புத் தொப்பியும் துப்பாக்கியும் தாங்கிய வீரர் நிமிர்ந்து நின்றனர். அவை அடுத்த போருக்கு ஆள் சேர்த்தன என்றுகூடச் சொல்லலாம். இக்கல்லைக் கொண்டு எவரும் ஆள் சேர்க்க முடியாது.

1932 ஜூலையில் உருவங்கள் ரோக்கவெல்டெயில் நிறுவப்பட்டன. கணவனும் மனைவியும் உடனிருந்தனர். பணி முடிந்தபின் அம்மையார் கல் தாயின் முன் நின்று, தம் முகத்தையே கல்லில் கண்டு, அழுதுகொண்டே அதன் கன்னங்களைத் தடவினார். கார்ல் அவருக்குப் பின்னால் வெகு அருகில் நின்றார்.

ஆறே திங்களில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். அவரை எதிர்த்து இடதுசாரிக் கட்சிகள் ஒன்றுபட வேண்டும் என்ற அறிக்கையில் கையொப்பமிட்டமைக்காகக் கேத்தே கலைக்கழகத்திலிருந்து விலகுமாறு செய்யப்பட்டார். அவருடைய படைப்புகள் பொதுக் காட்சியிலிருந்து அகற்றப்பட்டன. 1936இல் கமுக்கக் காவலர் வீட்டுக்கே வந்து, வதைமுகாமுக்கு அனுப்புவதாக மிரட்டிச் சென்றனர். அவர் நாட்டை விட்டு ஓடவில்லை. வாய் திறந்து பேசவும் வழியில்லை. சிறு சிற்பங்கள் செய்தார். 1937 அக்டோபர் 22ஆம் நாள், பீட்டர் மறைந்த அதே நாளில், இறந்த மகனை முழங்கால்களுக்கிடையே சாய்த்துக்கொண்டிருக்கும் ஒரு முதிய தாயின் சிறு சிலையைச் செய்துவருவதாக நாட்குறிப்பில் குறித்தார்.

இரண்டாம் உலகப் போர் தொடங்கியது. 1940இல் கார்ல் காலமானார். ஹான்ஸின் மகனுக்கும் பீட்டர் என்றே பெயரிட்டிருந்தனர். 1942 செப்டம்பரில் அப்பேரனும் ரஷ்யாவின் ரெஷெவ் நகருக்கருகே போர்முனையில் மாண்டான். அந்த ஆண்டின் தொடக்கத்தில்தான் அம்மையார் தம் கடைசிக் கல்லச்சுப் படத்தை முடித்திருந்தார். ஒரு முதிய தாய் தன் அகன்ற கைகளைச் சிறகு போல் விரித்து, வெளியே ஓடத் துடிக்கும் சிறுவர் மூவரைப் போர்வைக்குள் அடக்கிக்கொள்கிறாள். சிறுவர் முகத்தில் குறும்பு. தாயின் முகத்தில் உறுதி. 1918 மடலில் பயன்படுத்திய விதைத் தானியம் பற்றிய அதே தொடரை அப்படத்துக்குப் பெயராக வைத்தார். 1914இல் கதவைத் திறந்துவிட்ட கைகள் 1942இல் மூடிக்கொண்டன. வரைந்த தாளில் மட்டும்.

1943 நவம்பரில் குண்டுவீச்சில் பெர்லின் வீடு அழிந்தது. படைப்புகள் பலவும் உடன் அழிந்தன. அதற்கு முன்பே நகரை விட்டு அகன்றிருந்த அம்மையார், கடைசி நாள்களை டிரெஸ்டன் நகரை அடுத்த மோரிட்ஸ்பர்க்கில் கழித்தார். 1945 ஏப்ரல் 22ஆம் நாள் மறைந்தார். ஐரோப்பாவில் போர் ஓய அப்போது இன்னும் 16 நாள்கள் இருந்தன.

1993இல், ஒன்றுபட்ட ஜெர்மனி தன் தேசிய நினைவகமாகப் பெர்லினில் உள்ள நொய வாஹெ மண்டபத்தைத் தேர்ந்தபோது, அவருடைய அந்தச் சிறு தாய்ச் சிலையை நான்கு மடங்கு பெரிதாக்கி நடுவில் வைத்தனர். மண்டபத்தின் கூரையில் உள்ள வட்டத் திறப்பின் வழியே மழையும் பனியும் அச்சிலைமேல் விழுகின்றன. இதற்கு எதிர்ப்பும் எழாமல் இல்லை. இறந்த மகனை மடியில் தாங்கும் தாயின் வடிவம் கிறித்தவ மரபுக்குரியது. கொல்லப்பட்ட இலட்சக்கணக்கான யூதர்க்கும், மகனை இழக்க வாய்ப்பின்றித் தாமே அழிக்கப்பட்ட பெண்களுக்கும் அது எவ்வாறு பொருந்தும் என்று கேட்டனர். கேட்டது முறையே. தாம் செய்தது சமயச் சிலையன்று என்பதே அம்மையாரின் எண்ணம். எனினும் ஒரு தாய் தனக்கெனக் கையளவில் செய்துகொண்ட துயரத்தை ஓர் அரசு தன் அளவுக்குப் பெருக்கும்போது அதன் பொருளும் மாறித்தான் போகிறது.

ரோக்கவெல்டெ இடுகாடு இன்று அங்கில்லை. 1950களில் சிதறிக் கிடந்த ஜெர்மானிய இடுகாடுகளை ஒன்றுசேர்த்தபோது, பீட்டரின் எச்சங்களோடு கல் உருவங்களும் விளாட்ஸ்லோவுக்குக் கொண்டுவரப்பட்டன. பேரன் மாண்ட ரெஷெவ் நகரின் ஜெர்மானிய இடுகாட்டில் அவ்வுருவங்களின் படி ஒன்று 2014இல் நிறுவப்பட்டது. விளாட்ஸ்லோவில் கல்லறைகள் தனித்தனியே இல்லை. தரையோடு தரையாகப் பதித்த கற்பலகைகளில், ஒவ்வொன்றிலும் இருபது பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. மண்டியிட்ட தந்தையின் பார்வை விழும் பலகையில், பிற பெயர்களுக்கிடையே, பீட்டர் கோல்விட்ஸ் என்னும் பெயரும் இருக்கிறது. தாய் குனிந்திருக்கிறார், அவர் பார்வை அப்பெயரை எட்டுவதில்லை.